பட்டமும் பட்டறிவும்

வேலூரைச் சுற்றியுள்ள இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் புகழ்பெற்றவை. தோலைத் தொட்டுப் பார்த்தே அதன் தரத்தைக் கூறவல்ல தொழிலாளர்கள் இங்குண்டு. அவர்களுள் பலரிடம் கல்லூரிச் சான்று இல்லை. பட்டம் பெரிதா, பட்டறிவு பெரிதா என்னும் வினா இம்மண்ணுக்குப் புதிதன்று. மருத்துவத் துறையில் அவ்வினாவை நேர்கொண்டவர், 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா சோபியா ஸ்கடர்.

திருப்புமுனையான இரவு

ஐடாவின் பாட்டனாரும் தந்தையும் மருத்துவத் தொண்டாற்றிய அமெரிக்கர்கள். அமெரிக்காவில் பள்ளிக் கல்வியை முடித்த ஐடா, நோயுற்ற அன்னைக்கு உதவ 1890இல் திண்டிவனம் வந்தார். அங்கு ஓரிரவில், பேறுகால வேதனையில் தவித்த தம் மனைவியரைக் காக்குமாறு மூவர் அடுத்தடுத்து அவரை வேண்டினர். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல அவர்களின் மரபு இடந்தரவில்லை. ஐடாவிடம் இரக்கம் இருந்தது. மருத்துவக் கல்வி இல்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். கற்காத கைகளால் உயிர்காக்க இயலாது என்பதை உணர்ந்த அவர், அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார்.

பயிற்சி தந்த ஆற்றல்

1900இல் வேலூர் திரும்பிய ஐடாவின் பட்டத்தைக் கண்டு மக்கள் உடனே திரண்டு வந்துவிடவில்லை. அவரது கைத்திறனைக் கண்ட பின்னரே நம்பிக்கை வளர்ந்தது. வீட்டின் சிற்றறையே முதல் மருத்துவமனை. வீட்டுப் பணியாளர் ஒருவரின் மனைவியான சலோமியே முதல் உதவியாளர். 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. குடியாத்தம் சாலையோர மரநிழல்களிலும் அவர் மருத்துவம் பார்த்தார்.

தனி ஒருவரால் இப்பணி நிறைவேறாது என்றறிந்த அவர், மருந்து கலப்போருக்கும் செவிலியர்க்கும் பயிற்சியளித்தார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அங்குக் கற்பிக்கப்பட்டது எம்.பி.பி.எஸ். பட்டப்படிப்பன்று, எல்.எம்.பி. என்னும் உரிமச்சான்றுப் படிப்பு. 1922இல் முதல் அணியினர் பதினால்வர் தேர்ச்சி பெற்றனர். அவர்களைப் போன்றோர் சிற்றூர்களில் ஆண்டுக்கணக்கில் தொண்டாற்றினர். ஆயினும் அரசுப் பணியில் உரிமச்சான்று பெற்றவர்க்குத் துணை உதவி மருத்துவர் என்னும் கீழ்நிலைப் பதவியே கிட்டியது. பட்டம் பெற்றவரே உதவி மருத்துவராயினர். நோயாளிக்கு அவ்வேறுபாடு தெரியாது. பதவியும் ஊதியமும் வழங்கிய விதிகளுக்குத் தெரிந்தது.

எழுபது வயதில் ஒரு போராட்டம்

1930களின் இறுதியில், மருத்துவக் கல்வி பல்கலைக்கழகப் பட்டப்படிப்பாகவே இருத்தல் வேண்டும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள், மிகுதியான படுக்கைகள், புதிய ஆய்வுக்கூடங்கள் ஆகியன தேவைப்பட்டன. இருபது ஆண்டுக்காலப் பட்டறிவு மட்டும் அப்பள்ளியைக் காக்கப் போதுமானதாக இல்லை. விதியைப் பழித்து ஒதுங்காத ஐடா, எழுபது வயதைக் கடந்த நிலையில் அமெரிக்கா சென்று ஊர்தோறும் நிதி திரட்டினார். 1942இல் வேலூரில் எம்.பி.பி.எஸ். படிப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பெற்றனர். உரிமச்சான்று பெற்ற மருத்துவர்கள் பட்டம் பெறுவதற்கான சுருக்கப் படிப்புகளும் நாட்டில் ஏற்பட்டன. அவர்களின் பட்டறிவு வீணாகாமல் பட்டத்திற்குப் படியாயிற்று.

ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் மறைந்தார். பட்டமின்றி உழைத்தவரை அவர் தாழ்வாக எண்ணவில்லை. தம் மாணவியர் பட்டமின்மையால் தாழ்த்தப்படுவதையும் ஏற்கவில்லை. பட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே நின்று பணியாற்றுவது பட்டறிவே. உழைத்துக் கற்றவர்க்கும் அவ்வாயில் திறந்திருத்தல் வேண்டும் என்பதையே அவர் வாழ்வு உணர்த்துகிறது.