அணையா அடுப்பு

கடலூர் முதுநகரினின்று மேற்கே செல்லும் பெருவழி குறிஞ்சிப்பாடியைக் கடந்து வடலூரை அடைகின்றது. சென்னையிலிருந்து கும்பகோணம் செல்லும் பெருவழியும் அவ்விடத்தே வந்து கூடுகின்றது. நான்கு திசைகளினின்றும் வருவோர் சந்திக்கும் அவ்வூரில் ஓர் அடுப்பு உளது. அது 21 அடி நீளமுடையது. 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் அதில் மூட்டப்பெற்ற தீ இன்றளவும் அணைந்ததில்லை என்பர். அத்தீயை மூட்டுவித்தவர் இராமலிங்க அடிகளார். வள்ளலார் என நாடு போற்றும் அப்பெரியார் கவிஞர், உரைநடை வல்லவர், பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவர், மூலிகைகளின் குணம் அறிந்தவர். ஆயினும், வடலூர் என்றவுடன் எளிய மக்களின் நினைவில் முதற்கண் தோன்றுவது அந்த அடுப்பேயாம்.

சிதம்பரத்திற்கு வடமேற்கே மருதூர் என்னும் சிற்றூர் உளது. அவ்வூர்க் கணக்கராய் இருந்து, சிறுவர்க்கு எழுத்தறிவித்தும் வந்தவர் இராமையா பிள்ளை. அவர்தம் மனைவியார் சின்னம்மையார். இவ்விருவர்க்கும் ஐந்தாம் மகவாக 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே தந்தையார் இறந்தார். சின்னம்மையார் மக்களை அழைத்துக்கொண்டு பொன்னேரிப் பக்கத்திலுள்ள தம் பிறந்தகம் சென்று, பின்னர்ச் சென்னையிற் குடியேறினார். மூத்த மகனாகிய சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து, அதனால் வந்த சிறு பொருளைக்கொண்டு குடும்பத்தைத் தாங்கினார்.

தம்பியும் தம்மைப்போல் கற்றுத் தொழில் செய்து பொருளீட்ட வேண்டுமென்பது தமையனாரின் விருப்பம். தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடமே தம்பியை அனுப்பினார். சிறுவரோ பாடத்தில் மனம் பற்றாமல் கந்தகோட்டத்து முருகன் திருமுன் சென்று பாடிக்கொண்டிருந்தார். தமையனார் வெகுண்டு, இவனுக்கு வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மையாருக்கு அது பொறுக்கவில்லை. கணவர் இல்லாத வேளை பார்த்து, கொல்லைப்புறமாக வரும் சிறுவருக்கு அவர் உணவளித்து வந்தார். ஒருநாள் தந்தையாரின் திதி. வீட்டில் உறவினர் பலரும் கூடி உண்டு சென்றனர். எல்லாரும் சென்ற பின்னர்ப் புறக்கடை வழியே வந்து நின்ற கொழுந்தனாரைக் கண்டு அவ்வம்மையார் கண்ணீர் விட்டார். அக்கண்ணீரைக் கண்ட பின்னரே இராமலிங்கர் வீட்டிலிருந்து படிக்க இசைந்தார் என்பர். பிற்காலத்தில் எண்ணிலார்க்குச் சோறிட்ட பெரியார், இளமையில் பிறர் இட்ட சோற்றை மறைவில் உண்டவர் என்பது கருதத்தக்கது. பசியையும், பசித்தவன் முகத்தைப் பார்த்து வருந்தும் மனத்தையும் அவர் ஏட்டில் கற்கவில்லை.

சென்னையில் சோமு செட்டியார் என்பவர் இல்லத்தில் தமையனார் பெரியபுராணச் சொற்பொழிவு நிகழ்த்தி வந்தார். ஒருமுறை அவர் நோயுற்றமையால், சில பாடல்களை மட்டும் பாடிவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். சிறுவரோ ஞானசம்பந்தர் வரலாற்றை நெடுநேரம் விரித்துரைத்தார். கேட்டோர் வியந்து, இனி இவரே தொடர்ந்து சொல்ல வேண்டுமென விரும்பினர். நூல் பயின்ற மாணாக்கரும் காலப்போக்கில் அவரை வந்தடைந்தனர். 1849ஆம் ஆண்டில் வந்த தொழுவூர் வேலாயுத முதலியார் அவருள் தலைசிறந்தவர். புகழும் பொருளும் தாமே தேடிவந்த இந்நிலையில், சென்னையிலேயே புலவராகவும் சொற்பொழிவாளராகவும் அவர் இனிது வாழ்ந்திருக்கலாம். உறவினர் வற்புறுத்தலால் 1850ஆம் ஆண்டில் திருமணமும் நடந்தது. எனினும் இல்வாழ்வில் அவர் உள்ளம் படியவில்லை.

1858ஆம் ஆண்டளவில் அவர் சென்னையை நீங்கித் தாம் பிறந்த நாட்டிற்கே மீண்டார். வடலூரை அடுத்த கருங்குழி என்னும் ஊரில் மணியக்காரர் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் 1867ஆம் ஆண்டுவரை தங்கினார். அங்கிருந்து சிதம்பரத்திற்கும் சுற்றிலுமுள்ள சிற்றூர்களுக்கும் அடிக்கடி சென்று வருவார். வான்மழையை நம்பிய நிலங்கள் மிகுந்த நாடு அது. மழை பொய்த்தால் உழவர் வீட்டில் உலை ஏறாது. உழவர் வீட்டில் உலை ஏறாவிடில் கூலியாள் வீட்டு நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. 1866ஆம் ஆண்டில் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் வடபகுதியிலும் கொடும்பஞ்சம் நேர்ந்தது. தெற்கேயும் தானிய விலை ஏறியது. பசியால் தளர்ந்து வழியில் வீழ்ந்தோரைக் கண்டு அடிகளார் உள்ளம் நைந்தார்.

தனி ஒருவர் தம் கைப்பொருளால் நாலு பேருக்குச் சோறிடலாம், ஒருநாள் இடலாம், ஒரு திங்களும் இடலாம். அக்கை ஓய்ந்தால் பசித்தவர் நிலை யாது? அடிகளாரிடம் கைப்பொருளும் இல்லை. ஆகவே, பசியை நீக்கும் பணி ஒருவருடைய தருமமாக இராமல் பலருடைய பொதுத் தொழிலாக அமைய வேண்டுமென அவர் கருதினார். 1865ஆம் ஆண்டில் அவர் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். சாதி, சமயம் என்னும் வேறுபாடு கருதாமல் எவ்வுயிரையும் தம்முயிர்போல் எண்ணி வாழ்வோர் கூட்டமே அச்சன்மார்க்க சங்கம்.

அன்பர்கள் கூடிச் செய்யும் பணிக்கு மற்றொரு சான்றும் அக்காலத்தே காணலாம். அடிகளார் பாடிய பாடல்கள் ஏடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை அச்சிட அவர் இசையவில்லை. அன்பராகிய இறுக்கம் இரத்தின முதலியார், பாடல்கள் கைக்கு வந்து சேரும்வரை ஒருநாளைக்கு ஒருவேளையே உண்பதென நோன்பு பூண்டார். பசித்தவர் துயர் பொறாத அடிகளார், தம் பொருட்டு ஒருவர் பசித்திருப்பதை எங்ஙனம் பொறுப்பார்? இசைவு தந்தார். இரத்தின முதலியாரும் புதுவை வேலு முதலியாரும் செல்வராய முதலியாரும் அச்சுப்பணியை முன்னின்று நடத்தினர். தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களைத் திருமுறைகளாக வகுத்தார். மயிலை சோமசுந்தரம் செட்டியார் பொருளுதவி செய்தார். இவ்வாறு பலர் கைபட்டு, 1867ஆம் ஆண்டில் திருவருட்பா வெளிவந்தது. நூலில் தம் பெயரைச் சாமி என்னும் அடைமொழியுடன் இடலாகாதென்றும், அது ஆரவாரமாகத் தோன்றுமென்றும் அடிகளார் முன்னரே கடிதத்தில் எழுதித் தடுத்திருந்தார். தம்மைப்பற்றி எழுதுமிடத்துச் சிதம்பரம் இராமலிங்கம் என்ற அளவே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

அதே ஆண்டில் சாலைப்பணி உருப்பெற்றது. பார்வதிபுரம் என வழங்கிய வடலூர்ப் பகுதியின் நிலவுடைமையாளரிடம் அடிகளார் தம் கருத்தைத் தெரிவித்தார். ஏறத்தாழ நாற்பது பேர் ஒன்றுகூடி 80 காணி நிலத்தை விலை பெறாமல் எழுதிக் கொடுத்தனர். அஃதாவது, இக்கால அளவில் நூறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. அரசர் ஒருவர் கொடுத்த மானியமன்று அது; செல்வர் ஒருவர் பெயர் பொறித்த அறக்கட்டளையுமன்று. உழுதுண்ணும் மக்கள் நாற்பதின்மர் தத்தம் பங்கை விட்டுக் கொடுத்தமையால் ஒன்றான நிலம். நிலத்தின் அருமை உழவனுக்கே தெரியும். ஒரு வரப்பின் பொருட்டு உடன்பிறந்தார் வழக்காடுவது எங்கும் காணும் காட்சி. அத்தகைய மக்கள் நாற்பதின்மர் ஒரே ஓலையில் கையொப்பமிட்டது, பின்னர் நிகழ்ந்த எதனினும் வியக்கத்தக்கது எனலாம்.

மண்சுவரும் கூரையுமாகச் சாலை எழுந்தது. தொடக்க நாளன்று, அடிகளார் இயற்றிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலின் பகுதி கூடியிருந்தோர் கேட்கப் படிக்கப்பெற்றது. பசித்தவனிடம் அவன் தேசம் எது, சமயம் எது, சாதி எது என்று வினவாமல் உணவளிக்க வேண்டுமென்பது அந்நூலின் சாரம். செல்வர் மட்டுமன்றி எளியோரும் தத்தம் தரத்திற்கேற்ப இதனைச் செய்தல் கூடுமென அடிகளார் அதில் விளக்குகின்றார். கற்றோர்க்கே விளங்கும் கடுநடையில் நூல் எழுதுவது பெருமையெனக் கருதப்பட்ட அந்நாளில், தமிழின் கடுநடையும் கைவந்த ஒருவர் இங்ஙனம் எளிமையாக எழுதியது ஏன் என்பதை அந்நூலைப் படிப்போர் உணர்வர்.

சோறு ஆக்குதல் எளிய செயல்போல் தோன்றும். நூறு பேருக்கு நாள்தோறும் ஆக்கும்போதுதான் அதன் அருமை விளங்கும். அரிசியும் பருப்பும் தருவோர் இருந்தால் மட்டும் போதாது. விறகு பிளப்போர் வேண்டும். நீர் இறைப்போர் வேண்டும். காய் அரிவோர், இலை தைப்போர், பரிமாறுவோர், எச்சில் எடுப்போர் வேண்டும். வரவு செலவு எழுதுவோரும் வேண்டும். இவருள் ஒருவர் நான் பெரியவன் எனச் சினந்து எழுந்து சென்றால், அன்றைய பந்தியில் பசித்தவர் காத்திருக்க நேரும். அடுக்களைப் பூசல் சிறிதாயினும் அதன் துன்பம் ஒரு குற்றமும் அறியாத ஏழையின் வயிற்றில் சென்று விழும். இதனை அடிகளார் நன்குணர்ந்திருந்தார். சாலையிலிருப்போர்க்கு அவர் ஒழுக்கக் கட்டளை ஒன்றை எழுதித் தந்தார். ஒருவரையொருவர் வரம்பு மீறிய சொற்களால் பேசலாகாது. ஒருவர் சினந்தால் மற்றவர் பொறுத்தல் வேண்டும். அருகிலிருப்போர் நல்ல சொற்களால் அச்சினத்தைத் தணித்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. உலகம் முழுதும் ஒருமைப்பட வேண்டுமென விரும்பியவர், அதனை அடுக்களையிலிருந்தே தொடங்கினார்.

அடிகளார் தொடங்கியவை அனைத்தும் நிலைத்துவிடவில்லை. 1867ஆம் ஆண்டிலேயே எல்லா வயதினரும் பயிலத்தக்க ஒரு பாடசாலையை அவர் அமைத்தார். தமிழுடன் வடமொழியும் ஆங்கிலமும் அங்குப் பயிற்ற ஏற்பாடாயிற்று. பொதுமக்களுக்குத் திருக்குறளை விளக்கும் வகுப்பும் நடைபெற்றது. அப்பாடசாலை நெடுநாள் நடக்கவில்லை. தம் கருத்தைக் கேட்டு வந்தோர் பலராயினும், ஏற்று ஒழுகியோர் சிலரே என்னும் வருத்தமும் அவருக்கு இருந்தது. அவர் வரலாற்றை எழுதுவோர் சிலர் இவற்றை விரைந்து கடந்து செல்வர். அங்ஙனம் மறைக்க வேண்டுவதில்லை. பாடசாலை நின்றது; அடுப்பு நின்றதில்லை. அதற்குச் சுற்றூர் மக்கள் அனைவரும் விறகிட்டனர்.

1870ஆம் ஆண்டில் அடிகளார் வடலூரை விட்டு மேட்டுக்குப்பம் என்னும் ஊர்க்குச் சென்று தனித்திருந்தார். சாலைப் பொறுப்பு அன்பர்களிடமே இருந்தது. தம் கையாலன்றி நடவாது என்று ஒரு பணியைப் பற்றிக்கொண்டிருப்பது தலைவர் பலரிடம் காணும் குறை. அவரிடம் அது இல்லை. 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், தைப்பூசத்தன்று, வடலூரில் எண்கோண வடிவமைந்த சத்திய ஞானசபையில் முதல் ஒளிவழிபாடு நிகழ்ந்தது. 1873ஆம் ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி, அன்பர்க்கு நீண்டதோர் அறிவுரை வழங்கினார். 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் இரவு தம் அறைக்குள் சென்று கதவடைத்துக்கொண்டார். அதன்பின் அவரைக் கண்டார் இல்லை.

அவர் மறைந்த பின்னர் இரண்டாண்டுகள் கழிந்தன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் வந்தது. தாது வருடப் பஞ்சம் என முதியோர் நடுக்கத்துடன் நினைவுகூர்ந்து வந்த பஞ்சம் அதுவே. இலட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். தோற்றுவித்தவர் இல்லை, விளைச்சல் இல்லை, கொடுப்போர் வீட்டிலும் குதிர் காலி. அறச்சாலை மூடப்படுவதற்கு இவற்றினும் தக்க காரணம் வேண்டுமோ? அப்பஞ்சத்திலும் வடலூர் அடுப்பு அணையவில்லை என்று வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. கல்பட்டு ஐயா முதலிய அன்பர்கள் சாலைப்பணியைத் தம் பணியாகக் கொண்டு நடத்தினர். பெயர் அறியப்பெறாதார் பலர் நெல் கொணர்ந்தனர். பலர் உடலுழைப்பை நல்கினர்.

2021ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அடிகளார் பிறந்த அக்டோபர் 5ஆம் நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது. 2023ஆம் ஆண்டில் அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. தைப்பூச நாள்களில் சுற்றூர் மக்கள் அரிசியும் காய்கறியும் ஏற்றிய வண்டிகளுடன் வடலூருக்கு வருகின்றனர். முன்னாளில் மாட்டு வண்டிகள் வந்த அவ்வழியில் இந்நாளில் லாரிகள் வருகின்றன. மற்ற நாள்களில் அத்துணைக் கூட்டம் இல்லை. வழிப்போக்கர், முதியோர், வேலை தேடி வந்தோர் எனச் சிலர் சாலையின் திண்ணையில் அமர்ந்திருப்பர். வேளை வந்ததும் பந்தி தொடங்கும். வந்தவர் பெயரையோ ஊரையோ கேட்கும் வழக்கம் அங்கு இல்லை. உண்டு முடித்தவர் எழுந்து கை கழுவிக்கொண்டு தம் வழியே செல்வர். உள்ளே, அடுத்த வேளைக்கான உலைநீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும்.