கோதை என்னும் திருநாமம்

ஆடித் திங்களில் பூர நட்சத்திரம் கூடும் நன்னாள், வைணவத் திருத்தலங்கள் எங்கும் ஒரு பெண்பிள்ளையின் திருவவதார நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. அந்நாளில் ஆண்டாள் என்றும், நாச்சியார் என்றும், சூடிக்கொடுத்த சுடர்க்கொடி என்றும் அப்பெண்பிள்ளையை அடியார்கள் போற்றுகின்றனர். ஆயினும் அவளை வளர்த்த தந்தை இட்ட பெயர் கோதை என்பதே. அவள் தன் பாசுரங்களில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயரும் அதுவே. தமிழில் பெயரையும் சூட்டுவர், மாலையையும் சூட்டுவர். இரண்டிற்கும் ஒரே சொல் அமைந்த மொழியில், மாலை என்னும் பொருளுடைய பெயரைச் சூடிய ஒரு குழந்தை, மாலையாலேயே மாலவனை ஆண்ட வரலாறு இது.

பெயரின் பழமை

கோதை என்பது பழந்தமிழ்ச் சொல். தொடுக்கப்பெற்ற பூமாலையை அது குறிக்கும். மாலை சூடிய கூந்தலையும், அக்கூந்தலையுடைய மங்கையையும் குறிக்கும். வியப்பான செய்தி யாதெனில், சங்க காலத்தில் இச்சொல் ஆடவர் பெயராகவும் வழங்கியது என்பதாகும். சேர மன்னர் கோதை என்னும் பெயரைப் பூண்டிருந்தனர். மாக்கோதை என்றும், குட்டுவன் கோதை என்றும் தமிழ் பிராமி எழுத்தில் பொறிக்கப்பெற்ற சேரர் காசுகள் கரூர்ப் பகுதியில் கிடைத்துள்ளன. அரசர் மார்பில் விளங்கிய மாலை, அவர்தம் பெயராகவும் விளங்கியது போலும். அரசர்க்குரியதாய் இருந்த அப்பெயர், பிற்காலத்தில் ஒரு நந்தவனத்துச் சிறுமிக்கு உரியதாயிற்று. அதன்பின் எவர் அப்பெயரைச் சொன்னாலும் அச்சிறுமியே நினைவுக்கு வருகின்றாள்.

துளசியடியில் கிடைத்த செல்வம்

பாண்டி நாட்டுத் திருவில்லிபுத்தூரில் வடபெருங்கோயிலுடையானுக்கு நாள்தோறும் மாலை தொடுத்துச் சமர்ப்பிக்கும் தொண்டினை மேற்கொண்டிருந்தவர் விஷ்ணுசித்தர். மதுரையில் பாண்டியன் அவையில் பரம்பொருளை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்றவர். எம்பெருமானுக்கே பல்லாண்டு பாடியமையால் பெரியாழ்வார் என்று பெயர் பெற்றவர். பொற்கிழி பெற்று மீண்ட பின்னரும் அவர் கையிலிருந்த பூக்கூடையை விட்டாரில்லை. ஒரு நாள் நந்தவனத்தில் துளசிச் செடியின் அடியில் பெண்குழந்தை ஒன்றைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை வரலாறு கூறும். அவள் காலத்தை 8 அல்லது 9ஆம் நூற்றாண்டு என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

பிறக்கும் குழந்தைக்குப் பாட்டன் பெயரையோ பாட்டியின் பெயரையோ இடுதல் தமிழர் குடிவழக்கு. துளசியடியில் கிடந்த குழந்தைக்குக் குடியும் தெரியாது. முன்னோர் பெயரும் தெரியாது. வேறொருவராயின் என்ன பெயர் இடுவது என்று மயங்கியிருப்பர். பெரியாழ்வாரோ பெயரிடும் முறைமையைக் குறித்தே ஒரு பதிகம் பாடியவர். காசுக்கும் துணிக்கும் ஆசைப்பட்டு மனிதர் பெயரை மக்களுக்கு இடாதீர்கள், எம்பெருமான் திருநாமங்களையே இடுங்கள் என்று பெற்றோர்க்கு அப்பதிகத்தில் எடுத்துரைக்கின்றார். பிள்ளையை அழைக்குந்தோறும் பெருமான் திருநாமம் தாயின் நாவில் வந்து, அவளுக்கு நற்கதி தரும் என்பது அவர் கருத்து.

அத்தகைய ஆழ்வார் தம் மகளுக்கு இட்ட பெயர் கோதை. அது எம்பெருமானின் ஆயிரம் நாமங்களுள் ஒன்றன்று. ஆனால் அவன் திருத்தோள்களில் அன்றாடம் ஏறி அமர்வது. ஆழ்வார் விடியலில் எழுந்து பறித்ததும், கையால் தொடுத்ததும், சந்நிதியில் சமர்ப்பித்ததும் கோதையே. தம்மிடம் இருந்த செல்வம் யாதோ, எம்பெருமானுக்கென்று தாம் ஆக்குவது யாதோ, அதன் பெயரையே குழந்தைக்கு இட்டார். மாலை தொடுத்தவன் வீட்டில் தங்குவதில்லை; அவனுக்கே போய்ச் சேர்வது. இப்பெயரை இட்ட அன்றே மகளும் அவனுக்கென்று ஆகிவிட்டாள் என்பதைத் தந்தை அப்போது உணர்ந்தாரோ இல்லையோ, பின் நிகழ்ந்தவை யாவும் அவ்வாறே நிகழ்ந்தன.

சூடிக் கொடுத்தவள்

கோதை தந்தையோடு நந்தவனத்தில் வளர்ந்தாள். கண்ணன் கதைகளே அவளுக்குத் தாலாட்டாகவும் கல்வியாகவும் அமைந்தன. பருவம் வளர வளர, மானிடர் எவரையும் மணவாளனாக எண்ணாது மாயனையே வரித்தாள். தந்தை தொடுத்து வைத்த மாலையை அவர் அறியாமல் தான் சூடி, அவனுக்கு ஏற்றவளோ தான் என்று அழகு பார்த்து, மீண்டும் களைந்து கூடையில் வைப்பாள். ஒரு நாள் ஆழ்வார் இதனைக் கண்டார். திகைத்தார், மகளைக் கடிந்துகொண்டார், பெருமானுக்கு அன்று மாலை சமர்ப்பிக்காது வருந்தியிருந்தார். அன்றிரவு எம்பெருமான் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உகந்தது, நறுமணம் மிக்கது என்று அருளினான். அன்றுமுதல் கோதை சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். பிறர் சூடியது ஆகாது என்பது மாலைத் தொண்டின் விதி. அந்த விதி அன்பிற்கு வழிவிட்டது.

ஆய்ப்பாடிச் சிறுமியர் நோற்ற பாவை நோன்பைத் திருவில்லிபுத்தூரில் தன் மனத்தால் நோற்று, 30 பாசுரங்களாகத் திருப்பாவையைப் பாடினாள். பிரிவின் வேதனையையும், கனவில் கண்ட திருமணத்தையும் 143 பாசுரங்களாக நாச்சியார் திருமொழியில் பாடினாள். பதிகங்களை முடிக்குமிடத்துத் தன் பெயரைக் கூறும்போது தந்தையின் பெயரோடு சேர்த்தே கூறுவது அவள் வழக்கம். பெற்றோர் இன்னார் என்று அறியாத குழந்தை, தன்னை வளர்த்தவரின் மகளாகவே உலகிற்கு அறிமுகப்படுத்திக்கொண்டாள். ஆண்டாள் என்னும் பெயரை அவள் தன் பாசுரங்களில் சொல்லவில்லை. அது பின்னர் அடியார்கள் அன்பினால் இட்ட பெயர்.

திருவரங்கச் செல்வர் அவளை ஏற்க உளங்கொண்டார். குடை, சாமரம் முதலான வரிசைகளுடன் பல்லக்கில் அழைத்துவருமாறு கனவில் பணித்தார். ஆழ்வார் மகளைத் திருவரங்கத்திற்கு அழைத்துச் சென்றார். கருவறையுள் புகுந்த கோதை அரங்கனோடு இரண்டறக் கலந்தாள். ஊர் மகிழ்ந்தது; அரசன் வணங்கினான். ஆழ்வார் வீடு திரும்பினார். திருமகளைப்போல் வளர்த்த ஒரே மகளை மாயன் கொண்டுபோய்விட்டான் என்று ஒரு தாயின் நிலையில் நின்று ஏங்கும் பதிகம் அவருடைய திருமொழியில் உண்டு. அதனை ஓதுவோர்க்கு ஆழ்வாரின் வெறுமையான இல்லமே கண்முன் தோன்றும். மறுநாளும் அவர் நந்தவனத்திற்குச் சென்றிருப்பார், மாலை தொடுத்திருப்பார். கையில் எடுத்த மாலைக்கும் மகளுக்கும் பெயர் ஒன்றே அன்றோ!

பெயர் பரவிய வழி

இப்பெயர் திருவில்லிபுத்தூரோடு நின்றுவிடாமல் தமிழகம் முழுதும் பரவியதில் வடலூர், நெய்வேலி அன்பர்கள் வாழும் இந்தக் கடலூர் மாவட்டத்திற்குப் பெரும் பங்குண்டு. இம்மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள காட்டுமன்னார்கோயிலே பழைய வீரநாராயணபுரம். அங்கே அவதரித்த நாதமுனிகள், நம்மாழ்வார் பாசுரங்கள் பத்தினைச் சேவித்தவர்களிடமிருந்து கேட்டு, எஞ்சியவற்றைத் தேடித் திருக்குருகூர் சென்றார். நாலாயிரத்தையும் பெற்று மீண்டு, தொகுத்துப் பண்ணும் தாளமும் அமைத்தார். கோதையின் 173 பாசுரங்களும் அத்தொகுப்பில் அமைந்து, கோயில்தோறும் ஒலிக்கத் தொடங்கின. பாடல் சென்ற இடமெல்லாம் பாடியவள் பெயரும் சென்றது.

நாதமுனிகளுக்குப் பின் வந்த எம்பெருமானார் இராமாநுசர், திருப்பாவையை இடையறாது அநுசந்தித்தமையால் திருப்பாவை ஜீயர் எனப் பெற்றார். அவர் திருப்பாவையைச் சேவித்தவாறு பிட்சைக்கு எழுந்தருளியபோது, ஆசாரியர் பெரிய நம்பியின் மகள் அத்துழாய் வளை ஒலிக்கக் கதவைத் திறந்தாள். அவளை நப்பின்னைப் பிராட்டியாகவே எண்ணி அவர் விழுந்து வணங்கினார் என்பது ஐதிகம். அத்துழாய் என்னும் பெயரிலும் துழாய், அதாவது துளசி இருப்பது எண்ணி மகிழத்தக்கது.

திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் படைப்பதாகக் கோதை பாசுரத்தில் நேர்ந்துகொண்டிருந்தாள். அந்த நேர்த்தியை இராமாநுசர் நிறைவேற்றினார். அதன்பின் அவர் திருவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது, நாச்சியார் அவரை அண்ணன் முறையிட்டு அழைத்தாள் என்பர். உடன்பிறந்தார் எவரும் இல்லாத துளசிக் குழந்தைக்கு, காலம் பல கடந்து ஓர் அண்ணன் வாய்த்தார்.

இராமாநுசர் காலத்திலேயே ஆண்டாள் என்பது மகளிர்க்கு இடும் பெயராகவும் வழங்கியது. அவருடைய தலையாய சீடர் கூரத்தாழ்வானின் தேவியார் பெயர் ஆண்டாள். பெருஞ்செல்வத்தைத் துறந்து கணவருடன் திருவரங்கத்திற்கு நடந்தவர். பராசர பட்டரைப் பெற்றெடுத்தவர். பாண்டி நாட்டு நாச்சியாரின் திருநாமம் தொண்டை நாட்டுப் பெண்மணி ஒருவரின் பெயராய் விளங்கியதை இவர் வரலாறு காட்டுகின்றது.

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த வேதாந்த தேசிகர், 29 சுலோகங்களால் கோதா ஸ்துதி அருளினார். தமிழ்க் கோதை வடமொழியில் கோதா ஆனாள். சொல்லை அருள்பவள் என்று அப்பெயருக்கு வடமொழியாளர் பொருள் உரைத்தனர். பின்னர் 16ஆம் நூற்றாண்டில் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர், கோதையின் வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் பெருங்காவியமாக இயற்றினார். சூடிக் களைந்த மாலையைத் தந்தவள் என்பதே அத்தலைப்பின் பொருள். ஆந்திர நாட்டில் கோதாதேவி என்னும் வழக்கு இன்றும் உண்டு.

அரிதாகிவரும் பெயர்

அண்மைக் காலத்திலும் இப்பெயர் புகழுடன் விளங்கியது. 1901இல் பிறந்து 1960இல் மறைந்த நாவலாசிரியை வை. மு. கோதைநாயகி அம்மாள், ஜகன்மோகினி இதழை நடத்தியவர். விடுதலைப் போரில் சிறை சென்றவர். அவர் தலைமுறையில் கோதை, கோதைநாயகி, ஆண்டாள் என்னும் பெயர்கள் வீடுகளில் இயல்பாக ஒலித்தன. பிற்காலத்தே புதுமை நாடி ஓசைக்காகப் பெயரிடும் வழக்கம் மிகுந்தபின், கோதை என்று அழைக்கப்பெறும் சிறுமியரைக் காண்பது அரிதாயிற்று. கோதாவரி என்பதன் சுருக்கமோ என்றும், கோதண்டம் என்பதோடு தொடர்புடையதோ என்றும் ஐயுறுவோரும் உளர். கோதாவரி ஆற்றின் பெயர். கோதண்டம் இராமபிரானின் வில். கோதை இவ்விரண்டிலும் வேறானது, தனித் தமிழ்ச்சொல், பூவின் மணம் உடையது.

1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், நெய்வேலியில் பல மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாரும் வந்து குடியேறினர். சொந்த ஊரையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு, மக்களுக்கு இடும் பெயரே பல வேளைகளில் ஊரோடு எஞ்சும் உறவாகின்றது. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு இடுவதில் அந்த உறவு தொடர்கின்றது. கோதையின் வரலாறு அதற்கும் ஒருபடி மேலான உண்மையைக் காட்டுகின்றது. முன்னோர் இன்னார் என்று அறியப்படாத குழந்தைக்கும், அன்போடு இட்ட ஒரு பெயர் குலமாக அமைய முடியும். ஆழ்வார் இட்ட பெயர் அவளுக்குத் தந்தையைத் தந்தது, மணவாளனைத் தந்தது, பின்னாளில் அண்ணனையும் தந்தது.

எம்பெருமான் திருநாமங்களையே மக்களுக்கு இடுக என்று பெரியாழ்வார் பாடினார். அவர் மகளின் பெயரே பின்னாளில் திருநாமமாகிவிட்டது. இன்றும் திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் களைந்த மாலை, சித்திரையில் மதுரைக்கு எழுந்தருளும் அழகருக்கும், புரட்டாசிப் பெருவிழாவில் திருவேங்கடமுடையானுக்கும் கொண்டுசெல்லப்படுகின்றது. இடது திருக்கரத்தில் நாள்தோறும் புதிதாகச் செய்த பச்சிலைக் கிளி அமர்கின்றது. கிளியும் மாலையும் அன்றாடம் வாடுகின்றன. அவளுடைய பெயரோ வாடுவதில்லை. பெண்மகவு பிறந்த இல்லத்தில் தொட்டிலருகே நின்று ஒருவர் கோதை என்று மூன்று முறை அழைப்பாராயின், அவ்வீட்டிற்கும் ஒரு நந்தவனம் வந்து சேரும்.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.