திமிரியும் பாரியும்

மன்னார்குடி இராஜகோபாலசுவாமி கோயிலின் நெடுமதிலைக் கண்டோர், அதனைச் சூழ்ந்த வீதிகளிற் சுவாமி எழுந்தருளுங்கால் முன்செல்லும் நாகசுரம் எத்துணை உரத்து ஒலித்தல் வேண்டும் என்பதை எளிதில் உணர்வர். அப்பணிக்கு ஏற்றது திமிரி. நீளத்திற் குறுகி, நான்கு அல்லது ஐந்து கட்டைச் சுருதியில் நின்று, திருவிழா ஆரவாரத்தை ஊடுருவ வல்லது. அதனை விடுத்து நீண்ட பாரியைத் தேர்ந்துகொண்டவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை.

1898 ஆம் ஆண்டிற் பிறந்த அவருக்குப் பிள்ளைப்பெயர் பாலசுப்பிரமணியம். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாகிய அம்மான் திருமருகல் நடேச பிள்ளை அவரைத் தம் மகவாக ஏற்றனர். திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் முதலில் வாய்ப்பாட்டுப் பயின்று, பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாகசுரம் கற்றனர். இம்முறையைச் சிறிதென்று எண்ணுதல் ஆகாது. குரலிற் பழகிய செவிக்குத் திமிரியின் உச்சம் நிறைவளிக்குமோ? பாடுவோர் நிற்கும் சுருதியன்றோ அஃது அன்று!

குழல் நீளச் சுருதி தாழும். மேனாட்டுப் பித்தளைக் குழலாகிய டூபாவும் எஃப், ஈ பிளாட், சி, பி பிளாட் எனப் பல சுருதிகளில் அமைவது இவ்விதிபற்றியே. எனினும் நீளத்திற்கு விலையுண்டு. துளைகள் அகலும், விரல்கள் விரிதல் வேண்டும், மூச்சும் மிகுதியாய்ச் செலவாகும். ஆச்சாமரத்தைக் கடைந்து நாயனம் செய்யும் நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியார், பிள்ளையவர்களின் கருத்தறிந்து முயன்று, சுத்த மத்திமம் செவ்வனே ஒலிக்கும் பாரியை அமைத்தனர். வித்துவானைப் போற்றுவோர் இவ்வாசாரியாரை மறத்தல் நன்றன்று.

இரண்டு, இரண்டரைக் கட்டையில் நாயனம் இறங்கவே, வீதியில் நின்று வாசித்த கலை மேடையில் அமர்ந்தது. ஒத்து இருந்த இடத்திற்குத் தம்புரா வந்தது. கிராப்பும் சட்டையுமாய் அவர் வீற்றிருந்து வாசித்தமை கண்டு முகஞ்சுளித்தோரும் உண்டு. மன்னார்குடிக்கு அண்மையதாகிய நீடாமங்கலத்து மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில் அவருக்குத் துணைநின்றது. 1940 இல் 'காளமேகம்' திரைப்படத்தில் நடித்ததும் அவரே. ஆயினும் அவர் பெருமை திரையில் இல்லை.

வெட்டவெளியிற் பாரி திமிரியளவு எட்டாது என்று குறைகூறுவோர் உளர். அக்குறை மெய்யே. ஆனால் 1947 ஆகஸ்டில், ஆதீனத்தார் செங்கோல் ஏந்தித் தில்லியில் நேருவின் இல்லம் சென்றபோது, முன்னே நடந்து வாசித்தவரும் இவரே. மேடையை வேண்டியவர் வீதியை வெறுத்தாரல்லர்.

1956 டிசம்பர் 12 இல் சென்னையிற் காலமானார். தமிழ்நாட்டில் இன்று பெரிதும் வழங்குவது பாரியே. திமிரியைக் காண்டல் அரிது. அவருடைய தோடி ஆலாபனை இசைத்தட்டிற் பதிந்துள்ளது. அதனைக் கேட்கும் நண்பர்கள், மேலே பறக்கும் பிருகாக்களில் மயங்கிவிடாது, அவர் கீழிறங்கி நிற்கும் இடங்களையும் கூர்ந்து கேட்பாராக. நீண்ட குழலை அவர் வேண்டியது அவ்விடங்களுக்காகவே.