அணுவின் அகம் கண்ட ஆசான் நீல்ஸ் போர்

அணு என்னுஞ் சொல் நம் நூல்களுக்குப் புதியதன்று. பொருளைப் பகுத்துப் பகுத்துச் சென்றால், இனிப் பகுக்கவியலாத நுண்மையொன்று எஞ்சும் என நம் முன்னோரும் எண்ணினர். கிரேக்க நாட்டு அறிஞரும் எண்ணினர். ஆயின், அந்நுண்மைக்கும் ஓர் அகம் உண்டு, அவ்வகத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை மனிதன் அறிந்தது இருபதாம் நூற்றாண்டிலேயாம். அவ்வொழுங்கை முதன்முதல் எண்ணளவில் வகுத்துரைத்தவர் தென்மார்க்கு நாட்டுப் பேரறிஞர் நீல்ஸ் போர் ஆவர். அவர் பெயர் தமிழ்ச் செவிக்குப் போர்க்களத்தை நினைவூட்டினும், அவர் நாடியது நட்பும் அமைதியுமே. வினாவுக்கு அஞ்சாத ஆசிரியர் ஒருவர் எத்துணைப் பெரிய ஆலமாகத் தழைக்கலாம் என்பதற்கு அவர் வரலாறு தக்க சான்று. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1885ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 7ஆம் நாள் கொப்பன்ஹேகன் நகரிலே போர் பிறந்தார். தந்தையார் கிறித்தியன் போர், அந்நகர்ப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியற் பேராசிரியர். தாயார் எலன் அட்லர், செல்வ வளம் மிக்க யூத குடும்பமொன்றில் வந்தவர். தந்தையாரின் நண்பர்களாகிய அறிஞர்கள் அவ்வீட்டிற் கூடித் தத்துவமும் விஞ்ஞானமும் பேசி வாதிடுவது வழக்கம். சிறுவர்கள் அருகிலிருந்து அவற்றைக் கேட்டனர். இருவர் மாறுபட்டுப் பேசியும் நண்பராகவே பிரியலாம் என்னும் முதற்பாடம் போருக்கு அங்கேயே கிடைத்தது எனலாம்.

அவர் ஏட்டுப் பூச்சியாய் இருந்தவரல்லர். காற்பந்தாட்டத்திற் பந்துகாப்பாளராக நின்றவர். தம்பி ஹரால்டு அவரினும் சிறந்த ஆட்டக்காரர். 1908இல் இலண்டன் மாநகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் தென்மார்க்கு அணியில் ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். பின்னர்க் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். நீல்ஸ், நீரின் மேற்பரப்பு இழுவிசையை அளக்கும் ஆய்வைத் தந்தையாரின் ஆய்வுகூடத்திலே தனித்து நடத்தி, 1907இல் தென்மார்க்கு அரச கழகத்தின் பொற்பதக்கம் பெற்றார். 1911இல் உலோகங்களின் இலத்திரன்கள் பற்றிய ஆய்வுக்காகக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அப்பட்டத்தைக் காணாமலே, அவ்வாண்டின் தொடக்கத்திற் தந்தையார் காலமாயினர்.

அதே ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே இருந்தவர் 1897இல் இலத்திரனைக் கண்டறிந்த ஜே. ஜே. தொம்சன். ஆங்கிலம் அதிகம் பேசவறியாத அவ்விளைஞர், தொம்சனின் எழுத்துக்களிலுள்ள பிழைகளை அவரிடமே சுட்டிக் காட்டினார். இகழும் நோக்கம் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. உண்மையை அறியும் விருப்பே இருந்தது. ஆயினும் அம்முயற்சி அங்கே வேர்கொள்ளவில்லை. டிக்கின்சின் நாவலை அகராதியோடு வைத்து ஆங்கிலம் பயின்றுகொண்டே, தக்க ஆசிரியரைத் தேடினார். 1912இல் மான்செஸ்டரில் அவ்வாசிரியர் கிடைத்தார். அவரே இரதபோட்.

நியூசிலாந்தின் கிராமமொன்றிற் பிறந்து உலகப் புகழ் பெற்ற இரதபோட், அதற்கு முந்திய ஆண்டிலேதான் அணுவின் கருவைப் பற்றி அறிவித்திருந்தார். மெல்லிய பொற்றகட்டின்மீது அல்பாத் துணிக்கைகளை ஏவியபோது, பெரும்பாலானவை தடையின்றி ஊடுருவின; மிகச் சிலவோ வந்த வழியே திரும்பின. இதனால், அணுவின் திணிவு முழுவதும் நடுவேயுள்ள மிகச் சிறிய கருவில் அடங்கியிருத்தல் வேண்டும் என அவர் துணிந்தார். நம் கல்லூரி விளையாட்டிடம் முழுவதும் ஓர் அணுவாயின், அதன் நடுவே கிடக்கும் கடுகொன்றே அதன் கரு. எஞ்சியவிடம் இலத்திரன்கள் உலாவும் வெளி.

இக்கொள்கையிற் பெருந்தடை ஒன்று இருந்தது. சுற்றிவரும் இலத்திரன் இடையறாது ஒளியை உமிழ்ந்து சத்தியை இழத்தல் வேண்டும் என்பது பழைய பௌதிக விதி. அங்ஙனமாயின், ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு கழியுமுன்னரே இலத்திரன் கருவில் வீழ்ந்துவிடும். உலகில் ஓர் அணுவும் நிலைத்திராது. ஆனால் பொன் பொன்னாகவே இருக்கின்றது. கல் கல்லாகவே இருக்கின்றது. பலர் இம்முரண்பாட்டைக் கண்டு இரதபோட்டின் கொள்கையை ஐயுற்றனர். போரோ கொள்கையை ஐயுறவில்லை. அணுவினுள்ளே பழைய விதி செல்லுமா என்றே ஐயுற்றார். இந்தத் திருப்பமே அவர் மேதைமை.

சத்தி ஒழுகும் நீர்போல அல்லாது, துளி துளியாகவே கொடுக்கவும் கொள்ளவும் படுகின்றது என 1900ஆம் ஆண்டிலே ஜேர்மானிய அறிஞர் மாக்ஸ் பிளாங்க் கூறியிருந்தார். அத்துளியே சத்திச் சொட்டு எனப்படுவது. இதனை அணுவுக்குப் பொருத்தலாமா எனப் போர் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1912 ஓகஸ்ட் மாதத்தில் மார்கிரேத் அம்மையாரை மணந்தார். கணவர் சொல்லச் சொல்ல எழுதியும், தெளிவற்றவிடத்து நிறுத்தி வினவியும், அவ்வம்மையார் அவருடைய பணியிற் பங்குகொண்டார்.

1913இன் தொடக்கத்தில் நண்பர் ஒருவர் பால்மரின் சூத்திரத்தை அவருக்கு நினைவூட்டினார். பால்மர் பெரும் பௌதிக அறிஞரல்லர். சுவிற்சலாந்தின் பாசல் நகரிற் பெண்கள் பாடசாலை ஒன்றிற் கற்பித்த ஆசிரியர். போர் பிறந்த அதே 1885ஆம் ஆண்டில், ஐதரசன் உமிழும் ஒளியின் கோடுகளை ஓர் எளிய கணக்கில் அடக்கிக் காட்டியவர். மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். 3 என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. அதன் வர்க்கம் 9. அதிலிருந்து 4ஐக் கழிக்க 5. ஒன்பதை ஐந்தால் வகுத்து 364.6ஆற் பெருக்கினால் 656.3 வரும். நனோமீற்றரில் அதுவே ஐதரசனின் செந்நிறக் கோட்டின் அலைநீளம். 4, 5, 6 என்னும் எண்களுக்கும் இவ்வாறு செய்க: 486.1, 434.0, 410.2 எனக் கிடைக்கும். எல்லாம் அளவீட்டோடு ஒத்துவரும். ஆனால் ஏன் ஒத்துவருகின்றது என்பதை இருபத்தெட்டு ஆண்டுகளாக எவரும் அறிந்திலர்.

இச்சூத்திரத்தைக் கண்டவுடன் போருக்கு எல்லாம் தெளிவாயிற்று. மாடிப்படியில் ஏறுபவன் இந்தப் படியிலோ அடுத்த படியிலோ நிற்கலாமன்றி, இரண்டுக்கும் இடையே நிற்றல் இயலாது. அதுபோல, இலத்திரனும் குறித்த சில சத்தி மட்டங்களிலேயே இருக்கும். அங்கே இருக்கும்வரை ஒளியை உமிழாது. மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்குத் தாவும்போது மட்டும், அவ்விரு மட்டங்களின் வேறுபாட்டுக்குச் சமமான சத்தியை ஒரே சொட்டாக ஒளியாய் விடுக்கும். மூன்றாம் மட்டத்திலிருந்து இரண்டாம் மட்டத்துக்குத் தாவினால் செந்நிறக் கோடு தோன்றும். மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கீழே வேறு படி இல்லாமையால், அணு அழியாது நிலைக்கின்றது. பால்மர் அளவீட்டிலிருந்து பெற்ற எண்ணை, இலத்திரனின் ஏற்றம், திணிவு, பிளாங்கின் மாறிலி ஆகியவற்றைக் கொண்டே போர் கணித்துக் காட்டினார். பாடசாலை ஆசிரியரின் புதிருக்கு விடை கிடைத்தது.

கட்டுரையை இரதபோட்டுக்கு அனுப்பியபோது அவர் இரண்டு குறைகள் கூறினார். ஒன்று, கட்டுரை மிக நீளம் என்பது. மற்றையது கூரிய வினா: தாவும் இலத்திரன் தான் எந்த மட்டத்திற் சென்று நிற்கவேண்டும் என்பதை முன்னரே எங்ஙனம் அறியும்? போர் நேரே மான்செஸ்டர் சென்று, ஒவ்வொரு சொல்லையும் காத்து வாதாடி, ஆசிரியரை இணங்கச் செய்தார். அக்கட்டுரைகள் மூன்றும் 1913இல் வெளிவந்தன. ஆனால் ஆசிரியரின் அந்த வினாவுக்கு விடை அன்று போரிடம் இல்லை. ஈலியத்தில் இலத்திரன்கள் இரண்டு. அங்கேயே அவர் கணக்குச் செல்லவில்லை. தம் கொள்கை இறுதியானதன்று, வழியில் ஒரு தங்குமிடமே என்பதை அவரே முதலில் உணர்ந்தார்.

1921இல் அவர் முயற்சியாற் கொப்பன்ஹேகனிற் கொள்கைப் பௌதிக நிலையம் திறக்கப்பெற்றது. மறு ஆண்டு நோபெற் பரிசு வந்தது. எழுபத்திரண்டாவது மூலகம் சிர்க்கோனியத்தை ஒத்திருத்தல் வேண்டும் என அவர் கொள்கையிலிருந்து கூறினார்; அவர் நிலையத்திலேயே அது கண்டுபிடிக்கப்பெற்று, அந்நகரின் இலத்தீன் பெயரால் ஆப்னியம் எனப் பெயர் பெற்றது.

ஆயினும் அவருடைய உண்மையான செல்வம் மாணவரே. 1922இல் ஜேர்மனியில் அவர் விரிவுரை நிகழ்த்தியபோது, இருபது வயதினரான மாணவர் ஒருவர் எழுந்து மறுத்துரைத்தார். போர் சினக்கவில்லை, விரிவுரை முடிந்ததும் அவ்விளைஞரை உலாவ அழைத்துச் சென்று நெடுநேரம் உரையாடினார். அவரே ஹைசன்பேர்க். 1925இல் அவரும், 1926இல் சுரோடிங்கரும் புதிய சொட்டுப் பொறியியலை இருவேறு வழியில் அமைத்தனர். போரின் படிகள் நின்றன. ஆனால் கோள்போற் சுற்றும் இலத்திரன் என்னும் அவர் ஓவியம் மறைந்தது. இலத்திரன் இவ்விடத்து இருக்கும் என்பதற்குப் பதிலாக, இவ்விடத்து இருத்தற்கு இவ்வளவு நிகழ்தகவு என்றே கூறலாயிற்று. தாம் கட்டிய வீட்டைத் தம் மாணவர் இடித்துப் பெரிதாகக் கட்டுவதைக் கண்டு மகிழ்ந்த கொத்தனார் அவர். ஜப்பானிலிருந்து நிசினா வந்து அங்கே பல்லாண்டு பயின்றார். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் 1932, 1933ஆம் ஆண்டுகளில் அங்கே தங்கி ஆய்வு செய்தார்.

1927இல் ஹைசன்பேர்க் நிச்சயமின்மைத் தத்துவத்தைக் கூறினார்: இலத்திரனின் இடத்தை நுட்பமாக அறியுந்தோறும் அதன் உந்தம் நழுவும். அதே ஆண்டிற் போர், துணிக்கை என்னும் தோற்றமும் அலை என்னும் தோற்றமும் ஒருசேரக் காணப்படாவெனினும், இரண்டும் சேர்ந்தே உண்மையை நிறைவாக்கும் என்றார். இதனை ஐன்ஸ்ரைன் ஏற்கவில்லை. 1930இல் பிரசெல்சு நகர் மாநாட்டில், மணிக்கூடு பொருத்திய பெட்டியொன்றைக் கற்பனை செய்து, அதனை நிறுத்து ஒளிச்சொட்டின் சத்தியையும், மணிக்கூட்டால் அது வெளியேறும் நேரத்தையும் பிழையின்றி அறியலாம் என்றார். போர் அன்றிரவு கலங்கினார். மறுநாட் காலை விடையோடு வந்தார்: பெட்டியை நிறுக்கும்போது அது புவியீர்ப்பில் அசையும்; ஈர்ப்பு மணிக்கூட்டின் ஓட்டத்தை மாற்றும் என்பது ஐன்ஸ்ரைனின் சொந்தக் கொள்கையே; ஆதலால் நேரம் நிச்சயமாகாது. இருவரும் இறுதிவரை உடன்பட்டிலர். இறுதிவரை நண்பராகவே இருந்தனர். அவ்வாதத்தின் வழியே பிறந்த பரிசோதனைகளுக்கு 2022இல் நோபெற் பரிசு வழங்கப்பெற்றது. அவற்றின் முடிவுகள் சொட்டுப் பொறியியலின் கணிப்போடே ஒத்தன.

1934இல் மூத்த மகன் கிறித்தியன், தந்தையோடு படகிற் சென்றபோது அவர் கண்முன்னே கடலில் வீழ்ந்து மாண்டான். ஆறு புதல்வருள் இன்னொருவனும் இளமையிலேயே இறந்தான். துயரை அடக்கிக்கொண்டு, ஹிட்லரின் ஆட்சியால் ஜேர்மனியை விட்டோடிய அறிஞர்களுக்குத் தம் நிலையத்திற் புகலிடமளித்தார். 1940 ஏப்பிரல் மாதத்தில் ஜேர்மானியப் படை தென்மார்க்கிற் புகுந்தது. அங்கே பாதுகாப்புக்காக விடப்பட்டிருந்த பிராங்க், லாவே என்னும் இருவரின் நோபெற் பொற்பதக்கங்களை, எவெசி என்பவர் அமிலக் கலவையிற் கரைத்துப் போத்தலில் வைத்தார். படையினர் அதனைக் கவனிக்கவில்லை. யுத்தத்தின் பின் அப்பொன்னைப் பிரித்தெடுத்துப் பதக்கங்களை மீண்டும் வார்த்தனர்.

தாய்வழி யூதராதலின் போருக்கும் ஆபத்து நெருங்கியது. 1943 செப்டெம்பர் இறுதியில், இரவிற் படகேறிச் சுவீடனை அடைந்தார். அங்கே அரசரைக் கண்டு, தென்மார்க்கின் யூதர்களுக்குச் சுவீடன் வெளிப்படையாகப் புகலிடம் அளிக்க வேண்டினார். தென்மார்க்கு மக்கள் தம் மீன்பிடி படகுகளிற் கரைசேர்த்த ஏறக்குறைய 7,000 பேர் உயிர் தப்பினர். பின்னர் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் சென்ற போர், வேறு பெயரில் அணுகுண்டு முயற்சிக்கு ஆலோசகரானார்.

ஆயின் அவர் சிந்தை குண்டிற் செல்லவில்லை. அதன் பின் வரப்போவதிற் சென்றது. மறைத்து வைத்தால் நாடுகள் ஒன்றையொன்று அஞ்சி ஆயுதங்களைக் குவிக்கும். இரசியாவுக்கும் முன்னரே அறிவித்து உடன்பாடு காணவேண்டும் என்பது அவர் துணிபு. 1944இற் சேர்ச்சிலைக் கண்டார், சேர்ச்சில் செவிசாய்க்கவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அன்போடு கேட்டார்; எனினும் சின்னாளில், இரகசியம் கசியாதவாறு போரையே கண்காணிக்க வேண்டுமென இரு தலைவரும் உடன்பட்டனர். 1950இல் ஐக்கிய நாடுகள் சபைக்குத் திறந்த மடலொன்று எழுதி, நாடுகள் தம் கதவுகளைத் திறந்து வைப்பதே அமைதிக்கு வழி என வற்புறுத்தினார். அதுவும் பயன் தரவில்லை. இன்று ஒன்பது நாடுகளிடம் அணுவாயுதங்கள் உள்ளன. அவர் அஞ்சியது நடந்தது. அவர் காட்டிய வழியோ இன்னும் நடந்து பார்க்கப்படாமலே கிடக்கின்றது.

1962 நவம்பர் 18ஆம் நாள் போர் தம் இல்லத்தில் அமைதியாகக் காலமானார். 1965இல் அவர் நிலையம் அவர் பெயரைப் பெற்றது. நான்காம் புதல்வர் ஓகே போர் 1975இற் பௌதிகத்துக்கான நோபெற் பரிசு பெற்றார். நூற்றேழாவது மூலகம் போரியம் என வழங்குகின்றது. திரான்சிஸ்டரும் லேசரும் சொட்டுப் பொறியியலின் பயன்களே.

இவை யாவும் சிறப்பே. எனினும் கல்விக்கூடத்தைச் சார்ந்த நமக்கு அவர் விட்டுச் சென்ற செல்வம் வேறு. தம் ஆசிரியரிடம் வினவினார்; தம்மை வினவிய மாணவரை அணைத்துக்கொண்டார்; வாதத்தை நட்பின் பகையாக அல்லாது நட்பின் உணவாகக் கருதினார். வகுப்பறையிற் பழகிய அத்திறந்த உள்ளத்தையே நாடுகளிடமும் வேண்டினார். நாடுகள் கேட்டில, ஆனால் வகுப்பறையில் அது வென்றது. விழாக் காணும் நம் கல்லூரிக்கு இதனினும் சிறந்த வாழ்த்து வேறில்லை: பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, ஐயா, அது எப்படி எனக் கேட்கும் காலமெல்லாம், அவ்வினாவுக்கு இடங்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர் இங்கே இருப்பாராக.