வடக்கே பிறந்து தெற்கே ஓய்ந்த குரல்

இசை கேட்போர் நால்வர் ஓரிடத்தில் கூடினால் அங்கே ஒப்புநோக்கல் தொடங்கிவிடும். ஒருவர் மதுரை மணி ஐயரின் சுரக்கோவைக்கு ஈடில்லை என்பார். மற்றொருவர் செம்மங்குடியாரின் கரகரப்பிரியாவைக் கேட்ட செவி வேறொன்றை நாடாது என்பார். இசைத்தட்டு என்னும் கருவி தோன்றியிராவிடில் இவ்வினிய வழக்காடலுக்கே இடமிராது. கச்சேரி முடிந்ததும் காற்றோடு கலந்துவிடும் பாட்டை எவ்வாறு பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பது? தட்டு வந்த பின்னரே, ஒருவர் இளமையில் பாடியதையும் முதுமையில் பாடியதையும் ஒரே மாலையில் கேட்கும் பேறு நமக்கு வாய்த்தது.

அவ்வாறு கேட்டு மகிழ்வதற்கு ஏற்ற வாழ்க்கை ஒன்றை இம்மலரில் வரைய முற்படுகின்றோம். இந்துஸ்தானி இசையில் கிரானா மரபின் பெருந்தூணாக விளங்கிய உஸ்தாத் அப்துல் கரீம் கானே அவர். மராத்திய மண்ணில் குடியேறி வாழும் நமக்கு அவர் இருவகையில் உறவினர். அவரும் பிறந்த ஊரை விட்டு இம்மண்ணில் வந்து வேரூன்றியவர். அவர் உயிர் நீத்ததோ நம் தமிழ் மண்ணில்.

இன்றைய உத்தரப்பிரதேசத்தில் யமுனைக்கு அணித்தே உள்ள கைரானா என்னும் சிற்றூரில், 1872-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் கரீம் கான் பிறந்தார். அவ்வூரின் பெயரே கிரானா என மருவி, அவர் சார்ந்த இசை மரபுக்கும் பெயராயிற்று. தந்தையார் காலே கான். பாட்டும் சாரங்கியும் வீணையும் வழிவழியாகப் பயின்ற குடும்பம் அது. ஆகவே இளமையிலேயே சுருதியின் நுட்பம் சிறுவரின் செவியில் ஊறிவிட்டது. அம்மரபில் தாளக் கட்டுகளின் விரைவைக் காட்டிலும், ஒரு சுரத்தை அதன் உண்மையான இடத்தில் அசையாது நிறுத்துவதே மேலான கலையாகக் கருதப்பட்டது.

வாலிபத்தில் தம் சகோதரர் அப்துல் ஹக்குடன் அவர் பரோடா அரசவையை அடைந்தார். அங்கே மன்னர் குடும்பத்தோடு உறவுடைய மானே வீட்டுப் பெண்ணான தாராபாய் அவரிடம் இசை பயின்றார். ஆசிரியர்க்கும் மாணவிக்கும் இடையே காதல் மலர்ந்தது. சமயம் வேறு, குலம் வேறு, தகுதி வேறு. அரண்மனை அதனைப் பொறுக்குமா? இருவரும் பரோடாவை நீங்கிப் பம்பாய் வந்து வாழ்வு தொடங்கினர். சுரேஷ்பாபு, ஹீராபாய், கிருஷ்ணராவ், கமலாபாய், சரஸ்வதி என மக்கள் ஐவர் பிறந்தனர்.

கிராமபோன் நம் நாட்டிற்கு வந்து காலூன்றிய காலம் அது. 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிய தட்டுகள் வெளிவந்து புகழ் பெற்றன. ஆயினும் பெரும் வித்வான்கள் பலர் அக்கருவியை அஞ்சினர். மூன்று நிமிடத்தில் ஒரு ராகத்தைப் பாடுவது எங்ஙனம் என்பது ஓர் அச்சம். தம் வித்தை தெருவில் விலைபோகும் என்பது மற்றோர் அச்சம். கரீம் கான் அஞ்சவில்லை. அந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே அவர் தட்டுகளுக்குப் பாடினார். ஒலிவாங்கி இல்லாத நாள் அது. பாடுவோர் ஒரு பெரிய ஊதுகுழலின் வாய்க்கு நேரே முகம் வைத்து உரக்கப் பாடவேண்டும். அக்குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடிழைக்கும். தம்புராவின் நாதம் அதில் பெரும்பாலும் பதியாது. மென்மையே உயிராகக் கொண்ட பாடகருக்கு அஃது எத்துணை இடர் விளைத்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1913-ஆம் ஆண்டு அவர் பூனாவில் ஆரிய சங்கீத வித்யாலயத்தை நிறுவினார். மாணாக்கரை உடன் வைத்துக்கொண்டு பயிற்றினார். பின்னாளில் சவாய் கந்தர்வர் எனப் புகழ் பெற்ற ராம்பாவு குந்த்கோல்கர் அவர்தம் மாணாக்கருள் தலையாயவர். சாங்கிலியைச் சேர்ந்த தேவல் என்பாரும் ஆங்கிலேய அதிகாரியான கிளெமெண்ட்சும் இருபத்திரண்டு சுருதிகளை அளந்தறிய முயன்ற பொழுது, கான் சாகிபின் குரலும் செவியும் அவர்களுக்குத் துணை நின்றன. தாம் பாடும் ஒலியை அளவுகோலுக்கு உட்படுத்த அவர் தயங்கவில்லை.

வடநாட்டு வித்வான்களுள் அவரைத் தனித்துக் காட்டுவது தென்னாட்டு இசையின்பால் அவர் கொண்ட பற்று. மைசூர் அரசவைக்கு அவர் பலகாலும் சென்று பாடிச் சங்கீத ரத்தினம் என்னும் விருது பெற்றார். அங்கும் சென்னையிலும் நம் வித்வான்களின் பாட்டை ஊன்றிக் கேட்டார். ச, ரி, க, ம எனச் சுரங்களையே சொற்களாகக் கொண்டு பாடும் நம் முறை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அதனைத் தம் பாட்டில் அழகுற இணைத்துக் கொண்டார். நம் ஆபோகி ராகத்தையும் பாடித் தட்டில் பதித்தார். தியாகராஜ சுவாமிகளின் கரகரப்பிரியா கீர்த்தனையாகிய ராம நீ ஸமானமெவரு என்பதையும் தட்டில் பாடி அளித்தார். தம் மரபிற்கு இழுக்கு நேரும் என்று அவர் கருதினாரில்லை. கேட்டது நன்றாயின் கற்றுக்கொள்வது என்பதே அவர் வாழ்வில் நாம் காணும் நெறி.

ஆனால் வீட்டில் அந்த இணக்கம் நிலைக்கவில்லை. 1922-இல் தாராபாய் மக்களை அழைத்துக்கொண்டு கணவரைப் பிரிந்தார். மக்கள் தந்தையின் பெயரைத் தாங்காது தாய்வழிப் பெயரோடும் ஊர்ப்பெயரோடும் வளர்ந்து, மானே என்றும் பரோடேகர் என்றும் அறியப்பட்டனர். கரீம் கான் மிரஜ் நகரில் தங்கி, அங்குள்ள மீராசாகிபு தர்காவின் நிழலில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார். இசையால் கூடிய குடும்பம் அவ்வாறு சிதறியது.

அப்பிரிவிற்குப் பின்னர் 1930-களின் நடுவில் ஓடியன் நிறுவனத்திற்கு அவர் பாடிய தட்டுகளே இன்று நாம் பெரிதும் கேட்பவை. அப்பொழுது மின்சார ஒலிவாங்கி வந்துவிட்டது. உரக்கப் பாட வேண்டிய தேவை ஒழிந்தது. ஜிஞ்ஜோடியில் பியா பின் எனத் தொடங்கும் தும்ரி, பைரவியில் ஜமுனா கே தீர், வசந்த், சுத்த கல்யாண் ஆகியவை அன்பர்கள் நெஞ்சில் நீங்கா இடம் பெற்றவை. ஜிஞ்ஜோடி நம் செஞ்சுருட்டிக்கு உறவுடையது. அவர்களுடைய பைரவியோ நம் பைரவி அன்று. சிந்துபைரவி கேட்ட செவிக்கு அது பழகிய முகமாகத் தோன்றும்.

முற்காலத் தட்டையும் பிற்காலத் தட்டையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு ஒன்று விளங்கும். முன்னதில் இளமையின் வேகமும் குரலின் வன்மையும் மிகுதி. பின்னதில் குரல் மெலிந்து, இழையாக நீண்டு, தம்புராவோடு வேறுபாடின்றி ஒன்றிவிடுகின்றது. எது உயர்ந்தது என்று அன்பர்கள் வழக்காடுவதுண்டு. வேகத்தை விரும்புவோர் முன்னதையும் அமைதியை விரும்புவோர் பின்னதையும் கொண்டாடுவர். நம் கருத்து யாதெனின், வேறுபாட்டில் ஒரு பகுதி கருவியினுடையது. மற்றொரு பகுதியே பாடகருடையது. ஊதுகுழல் முன் மெல்லப் பாட இயலாது என்பதை மறந்து, இளமையில் அவர்க்கு மென்மை இல்லை என முடிவு கட்டுதல் பொருந்தாது.

இன்னொன்றையும் ஒப்பிடுவோர் நினைவில் கொள்ளல் நலம். பழைய தட்டுகள் யாவும் நிமிடத்திற்குச் சரியாக 78 சுற்று என்ற அளவில் பதியப்பட்டவை அல்ல. வேகம் கூட்டிச் சுழற்றினால் சுருதி ஏறும், குரல் கூர்மையாகும். குறைத்தால் சுருதி இறங்கும், குரல் தடிக்கும். பின்னாளில் நீண்டநேரத் தட்டாகவும் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் அவை மாற்றப்பட்ட பொழுது இப்பிழைகளும் உடன் சென்றன. ஒரே பாட்டு இருவர் வீட்டில் இருவேறு சுருதியில் ஒலிப்பதற்குக் காரணம் இதுவேயாதல் கூடும்.

இனி அவர் வழிவந்தோரின் தட்டுகளையும் உடன் வைத்துக் கேட்பதே முழு இன்பம் தரும். சவாய் கந்தர்வரின் பாட்டில் ஆசிரியரின் சாயல் தெளிவு. அவரிடம் பயின்ற கங்குபாய் ஹங்கல், பீம்சேன் ஜோஷி ஆகியோரிடம் அச்சாயல் வன்மை பெற்றுப் புது உருவம் கொண்டது. ஜிஞ்ஜோடித் தட்டைச் சிறுவயதில் கேட்டு மயங்கியே பீம்சேன் ஜோஷி குருவைத் தேடி வீட்டை விட்டுப் புறப்பட்டார் என்பது நாடறிந்த செய்தி. ரோஷனாரா பேகம் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் சென்று, அங்கும் இம்மரபை வாழ்வித்தார்.

யாவற்றினும் நெஞ்சை உருக்குவது தந்தை, மகள் இருவர் தட்டுகளையும் சேர்த்துக் கேட்பது. ஹீராபாய் பரோடேகர் கிரானா மரபின் மற்றொரு பெரியாராகிய அப்துல் வஹீத் கானிடம் பயின்றவர். தந்தையின் பெயரைத் தாங்காதவர். ஆயினும் அவர் சுரத்தை நிறுத்தும் இடத்தில், அதனை விட்டு நீங்க மனமின்றி நீங்கும் பாங்கில், நாம் தந்தையையே கேட்கின்றோம். பெயரில் அறுந்தது குரலில் அறவில்லை.

1937-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கான் சாகிபு சென்னைக்கு வந்திருந்தார். அங்கிருந்து அரவிந்தரின் ஆசிரமம் அமைந்த பாண்டிச்சேரி நோக்கி இரயிலேறினார். வழியில் மார்வலி கண்டது. செங்கற்பட்டுக்கு முன்னுள்ள சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கிவிட்டார். நடைமேடையில் விரிப்பு விரிக்கச் செய்து, சுருதி கூட்டச் சொல்லி, தர்பாரி ராகத்தில் இறைவனைத் தொழுது பாடியவாறே அக்டோபர் 27-ஆம் நாள் கண் மூடினார் என்பது அவர்தம் வழியினர் வாயிலாக வந்த செய்தி. நரசிங்கப் பெருமாள் உறையும் சிற்றூரின் நிலையத்தில், யமுனைக் கரையில் பிறந்த இசுலாமியப் பெரியார் ஒருவரின் இறுதி நாதம் அடங்கியது. அவர் உடல் மிரஜ் கொண்டு செல்லப்பட்டு, அவர் போற்றிய தர்காவின் எல்லையில் அடக்கம் செய்யப்பெற்றது. ஆண்டுதோறும் அங்கே இசைவாணர் கூடிப் பாடி அவரை வணங்குகின்றனர்.

பிறந்த மண்ணின் இசையை விடாமலும் புகுந்த மண்ணின் இசையை வெறுக்காமலும் வாழ்ந்த அவர் வாழ்வு, இங்கே பிறந்து வளரும் நம் மக்களுக்கு உரிய பாடமாகும். மராத்தியப் பள்ளித்தோழரோடு விளையாடும் நம் பிள்ளைகள், அத்தோழர் வீட்டுப் பாட்டையும் செவிகொடுத்துக் கேட்கட்டும். நம் பாட்டை அவர்கட்கும் கேட்பிக்கட்டும். செம்மங்குடியாரின் கரகரப்பிரியாவையும் கான் சாகிபின் கரகரப்பிரியாவையும் ஒரே அமர்வில் கேட்பின், யார் வென்றார் என்னும் வினா தானே மறையும்.

இறுதியாக நம் குடும்பங்கட்கு ஒரு விண்ணப்பம். வீடு மாறும் பொழுதும், முதியோர் மறைந்த பின்னரும், பரணிலுள்ள பழைய தட்டுகள் பழைய பொருள் வாங்குவோரிடம் போய்ச் சேர்கின்றன. அவை அரக்கால் ஆனவை, கைதவறினால் உடைந்துபோவன. அவற்றை விலைக்குத் தள்ளுமுன் உறையிலுள்ள பெயரை ஒருமுறை படியுங்கள். ஒன்றன்மேலொன்றாகப் படுக்கவைக்காது நேராக நிறுத்தி வையுங்கள். கேட்கும் ஆர்வமுடைய அண்டை வீட்டாருக்குக் காட்டுங்கள். அத்தட்டுகளுள் ஒன்றில் கான் சாகிபின் குரலும் இருக்கக்கூடும்.