இசைச் செல்வர் அலாவுதீன் கான்

நம் பாரத நாடு இசைவாணர் பலரை ஈன்று பெருமையுற்ற நாடு. அவருள் ஒரு கருவியில் வல்லுநர் மிகப் பலர். பல கருவிகளிற் கைவந்தோர் சிலர். பல கருவிகளையும் பயின்று, உழவன் பாட்டையும் அரசவைப் பாட்டையும் ஒரே காதலுடன் செவிமடுத்து, கற்றதனைத்தையும் ஏழை எளியவர்க்கு வழங்கி மறைந்தோர் மிக மிகச் சிலரேயாவர். அம்மிகச் சிலருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் உஸ்தாத் அலாவுதீன் கான் ஆவர். அவர் வாழ்க்கையை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைத்தல் நம் கருத்தாகும்.

இதனை இவ்விடத்து உரைப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. நம் புதுவையிலும், மேட்டுப்பாளையத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், திருவிழாக் காலங்களில் தெருக்கூத்து விடியுமளவும் நிகழ்வதை நாம் அறிவோம். கடற்கரைக் குப்பங்களில் வலை இழுப்போர் பாடும் ஏலேலப் பாட்டும் நம் செவிக்குப் புதிதன்று. ஆயினும் கற்றவர் எனப்படுவோர் பலர், இவையெல்லாம் இசையின் புறக்கடையில் நிற்பன என்றும், சபைகளில் நிகழும் சங்கீதமே இசை என்றும் கருதி விடுகின்றனர். அக்கருத்துக்கு அலாவுதீன் கானின் வாழ்க்கையே தக்க மறுமொழியாக நிற்கின்றது.

வங்காளத்தின் கீழ்ப்பகுதியில், இன்று வங்காளதேசத்தைச் சேர்ந்த பிராமண்பாரியா வட்டாரத்தில், சிவபூர் என்னும் சிற்றூரில் இவர் பிறந்தார். அந்நாடு ஆறுகள் மலிந்த நாடு. மழைக்காலத்தில் வயலும் வழியும் நீராகவே தோன்றும். ஆகலின் அங்கு ஓடக்காரர் பாட்டே நாட்டின் மூச்சாயிருந்தது. நீரோட்டத்தின் போக்கில் ஓடத்தை விட்டுத் தனிமையில் நெடுங்குரலெடுத்துப் பாடும் பாட்டைப் பாட்டியாலி என்பர். பலர் கூடித் துடுப்பு வலிக்குங்கால் பாடுவது சாரி எனப்படும். ஊர்தோறும் திரியும் பாவுல்கள் என்னும் பாணர், ஒற்றை நரம்புடைய ஏக்தாராவை மீட்டி இறைவனைப் பாடுவர். இவையே நம் சிறுவரின் முதற் பள்ளிக்கூடமாயின. தந்தையார் சிதார் பயின்றவர். தமையனார் ஆப்தாபுதீன் குழலிலும் பிற கருவிகளிலும் வல்லவர். துறவுள்ளம் கொண்டு நாட்டுப் பக்திப் பாடல்களுக்கு மெட்டமைத்துப் புகழ்பெற்றவர்.

பள்ளி செல்லுமாறு விடுக்கப்பட்ட சிறுவர் கோயிலில் நிகழும் சாதுக்களின் பாட்டைக் கேட்டு அங்கேயே தங்கிவிடுவாராம். வீட்டார் கண்டித்தனர், பயனில்லை. பத்து வயது நிரம்புமுன்னரே இவர் வீட்டை விட்டகன்று, ஊரூராகச் சென்று ஆடும் ஜாத்ராக் குழுவொன்றிற் சேர்ந்தார். ஜாத்ரா என்பது வங்காளத்தின் தெருக்கூத்து என்று கூறின் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். திறந்த வெளியிற் சுற்றிலும் மக்கள் அமர, நடுவே பாட்டும் கூத்தும் இரவெல்லாம் நிகழும். அக்குழுவுடன் திரிந்த நாட்களிற்றான் நாட்டுப்புற இசையின் பல வகைகளும் இவர் நெஞ்சிற் பதிந்தன. பிற்காலத்தில் இவர் எய்திய புலமை என்னும் மாளிகைக்கு இதுவே கடைக்காலாயிற்று.

பின்னர் கல்கத்தாவை அடைந்தார். கையிற் பொருளில்லை, தெரிந்தவர் இல்லை. ஏழைகளுக்குச் சோறிடும் அன்னசத்திரங்களில் உண்டு, கிடைத்த இடத்திற் படுத்துறங்கினார். அந்நிலையில் நூலோ கோபால் என வழங்கிய கோபாலகிருஷ்ண பட்டாச்சாரியர் என்னும் பாடகர் இவரை மாணாக்கராக ஏற்றார். ஆசிரியர் விதித்த நிபந்தனை கடியது: பன்னிரண்டாண்டுக் காலம் சுரப்பயிற்சியன்றி வேறொன்றும் கேட்டல் கூடாது. இவர் அதற்கும் இசைந்தார். ஏழாண்டு கழிந்த நிலையில் கொள்ளைநோய் ஆசிரியரைக் கொண்டுபோயிற்று. ஆசிரியர் மறைந்தபின் வாய்ப்பாட்டையே தொழிலாகக் கொள்ள இவருக்கு மனமெழவில்லை, கருவிகளின்பால் திரும்பினார்.

இங்கே இவருடைய தனித்தன்மை வெளிப்படுகின்றது. விவேகானந்தரின் உறவினரும், ஸ்டார் நாடகசாலையின் வாத்தியக் குழுவை நடத்தியவருமான அமிர்தலால் தத்தரிடம் சிதார், குழல் முதலியவற்றைப் பயின்றார். கோவா நாட்டவரான லோபோ என்னும் பாண்டு ஆசிரியரிடம் ஐரோப்பிய முறையில் பிடில் கற்றார். ஹஸாரி உஸ்தாத் என்பாரிடம் நம் நாகசுரத்திற்கு இனமாகிய ஷெனாயையும், நகரா என்னும் முரசையும் பயின்றார். மிருதங்கமும் தபலாவும் கற்றார். எங்கே ஓர் ஒலி புதிதாகக் கேட்டதோ அங்கே இவர் மாணாக்கராயினார். கற்பிப்பவர் எக்குலத்தவர், எச்சமயத்தவர் என்று வினவினாரல்லர். நம் தென்னாட்டிலும் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர், வெள்ளையர் வாசித்த பிடிலைக் கற்று அதனைக் கருநாடக இசைக்கு உரிமையாக்கிய வரலாறு ஈண்டு நினைக்கத்தக்கது.

பல கருவிகளிற் பழகிய இளைஞருக்குச் சிறிது செருக்கும் உண்டாயிற்று. முக்தாகாசா ஜமீன்தாரின் அவைக்குச் சென்றபோது, அங்கே அகமத் அலி கான் சரோட் வாசிக்கக் கேட்டார். சரோட் என்பது தோல் போர்த்த குடமும், மெட்டுக்களற்ற உலோகப் பலகையும் உடைய நரம்புக் கருவி. விரல் நகத்தால் நரம்பை அழுத்தி வழுக்கி வாசிப்பர். அவ்வொலி இவருடைய செருக்கை ஒரே நொடியிற் கரைத்துவிட்டது. அன்றே அவருக்கு அடிமைபோல் ஆயினார், சமைத்தார், ஏவல் செய்தார். ஆசிரியரோ தம் வித்தையை எளிதில் ஈயும் இயல்பினரல்லர். மாணாக்கர் மறைவிற் கேட்டே பலவற்றைக் கைக்கொண்டார். அதனை ஆசிரியர் அறிந்தபோது இவரை விடுத்தனுப்பிவிட்டார்.

இராம்பூர் சமஸ்தானம் அக்காலத்தில் இசைவாணர்களின் தலைநகராய் விளங்கிற்று. அங்கே தான்சேனின் மகள்வழித் தோன்றலாகிய வஜீர் கான், ருத்திர வீணையில் ஒப்பாரும் மிக்காருமின்றி வாழ்ந்தார். அவர் வாயிலை அணுகவும் ஏழை இளைஞருக்கு வழியில்லை. இறுதியில் நம்பிக்கையிழந்து, நவாப் ஹமீத் அலி கானின் ஊர்தி வரும் வழியிற் பாய்ந்து விழுந்தார். வியப்புற்ற நவாப் இவர் வாசிப்பைக் கேட்டு மகிழ்ந்து, வஜீர் கானிடம் சேர்ப்பித்தார். சீடனாக ஏற்றுக் கையிற் கயிறு கட்டும் சடங்கும் நிகழ்ந்தது. ஆனால் அதன்பின் இரண்டாண்டிற்கு மேலாகியும் ஆசிரியர் ஒரு சுரமும் கற்பித்தாரல்லர்!

இதற்கிடையே ஊரிலிருந்து ஒரு துயரச் செய்தி வந்தது. வீட்டார் இவருக்கு இளமையிலேயே மணம் செய்வித்திருந்தனர். இவரோ மனைவியைப் பிரிந்து இசையை நாடிச் சென்றவர். நெடுங்காலம் காத்திருந்த அம்மாது மனமுடைந்து உயிர்விடத் துணிந்தாள் என்று கடிதம் வந்தது. அதனை அறிந்த வஜீர் கான் உள்ளம் இளகி, இவரை அழைத்துக் கற்பிக்கத் தொடங்கினார். பெரியோர் வரலாறு கூறுங்கால் அவர்தம் வெற்றிகளையே அடுக்குதல் வழக்கம். ஆனால் இவ்வெற்றிக்கு விலை கொடுத்தவள் ஒரு பேதைப் பெண் என்பதை நாம் மறைத்தல் தகாது. அதனைப் புகழ்தலும் தகாது. பிற்காலத்தில் இவர் தாம் படைத்த இராகம் ஒன்றிற்கு மதன்மஞ்சரி என மனைவியின் பெயரைச் சூட்டினார். கடன் தீர்ந்தது என்று நாம் கூறோம். கடனை உணர்ந்திருந்தார் என்று மட்டும் கூறலாம்.

வஜீர் கான் சரோட், ரபாப், சுரசிருங்கார் ஆகியவற்றின் நுட்பங்களைக் கற்பித்தார். ஆயினும் வீணையைக் கற்பித்திலர். அது தம் குடும்பத்திற்கே உரியது என்பது அவர் மரபு. இவ்விடத்து மாணவர் ஒன்றைக் கருதவேண்டும். இளமை முதல் மூடிய கதவுகளையே தட்டித் தட்டி வருந்திய ஒருவர், பின்னர்த் தாமே ஆசிரியரானபோது எவ்வாறு நடந்துகொண்டார் என்பதே அவர் பெருமையை அளக்கும் கோலாகும்.

1918ஆம் ஆண்டில் விந்திய நாட்டைச் சேர்ந்த மைஹர் என்னும் சிறு சமஸ்தானத்தின் மன்னர் பிரிஜ்நாத் சிங், இவரைத் தம் ஆசிரியராக அழைத்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே கொடிய தொற்றுநோய் பரவி, பல குழந்தைகள் தாய்தந்தையரை இழந்து தெருவில் நின்றனர். அலாவுதீன் கான் அவர்களை ஒன்று சேர்த்தார், மன்னர் துணைநின்றார். ஏடறியாத அச்சிறுவர்க்குச் செவிவழியாகவே இராகங்களையும் தாளங்களையும் கற்பித்து, ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார். அதுவே மைஹர் பாண்டு எனப் புகழ் பெற்றது. அரண்மனையிற் கிடந்த பழைய துப்பாக்கிக் குழாய்களை அளவாக அறுத்து, தட்டினால் சுரம் எழும்படி அமைத்து, நல்தரங்கம் என்னும் புதுக்கருவியை இவர் ஆக்கினார். கொல்லும் இரும்பு பாடும் இரும்பாயிற்று! சிதாரும் சரோடும் எஸ்ராஜும் பிடிலும் செல்லோவும் அக்குழுவில் அருகருகே அமர்ந்தன. அரசவை இராகங்களோடு நாட்டு மெட்டுகளும் ஒலித்தன.

இன்னும் பல கருவிகளை இவர் திருத்தியமைத்தார். தம்பியார் ஆயத் அலி கான் கருவி செய்வதில் வல்லவராதலின், இருவரும் கூடிச் சரோடின் குடத்தை வட்டமாக்கி நாதத்தைப் பெருக்கினர். சந்திரசாரங்கம் என்னும் வில்லிசைக் கருவியையும் படைத்தனர். இவர் இடக்கையால் சரோட் மீட்டுவார். பிடிலோ குழலோ முழவோ, எதனை எடுப்பினும் அதனதன் இயல்பு கெடாது வாசிப்பார்.

இஸ்லாமிய நெறியில் தவறாது தொழுகை புரிந்த இப்பெரியார், மைஹர் மலைமீதுள்ள சாரதா தேவியின் கோயிலுக்கும் அன்புடன் சென்று வழிபட்டவர். மாணாக்கரிடம் கட்டணம் பெறுவதில்லை. ஆயின் பயிற்சியிற் பொறுமை மிகக் குறைவு; சினமும் அடியும் அவ்வீட்டில் அன்றாட நிகழ்ச்சிகளாயிருந்தன. மகனார் அலி அக்பர் ஒருமுறை வீட்டைவிட்டு ஓடியே போயினார். தந்தை ஓடியது இசையைத் தேடி. மைந்தர் ஓடியது இசைப்பயிற்சிக்கு அஞ்சி!

மகளைப் பற்றிய செய்தி இன்னும் உருக்கமானது. இவர் மூத்த மகளுக்கு இசை கற்பித்திருந்தார். அவள் புகுந்த வீட்டினர் அதனை வெறுத்து, அவளது தம்பூராவைத் தீக்கிரையாக்கினர். அத்துயரால் இளைய மகளுக்கு இசை கற்பிப்பதில்லை எனத் துணிந்தார். ஒருநாள் இவர் வெளியே சென்று மீளுங்கால், அலி அக்பர் தவறாக வாசித்ததை அச்சிறுமி பாடித் திருத்திக் கொண்டிருப்பதைக் கேட்டு நின்றார். மூடிய கதவின் வெளியே நின்று கற்ற தம் இளமை இவர் நினைவில் எழுந்ததோ, என்னவோ! அன்றே தம் உறுதியைக் கைவிட்டு அவளுக்குக் கற்பித்தார். தமக்கு மறுக்கப்பட்ட வீணை மரபின் நெறியையே, சுர்பஹார் என்னும் பெருஞ்சிதாரின் வாயிலாக அவளுக்கு வழங்கினார். அவரே பின்னர் அன்னபூர்ணா தேவி எனப் போற்றப்பெற்று, 2018ஆம் ஆண்டு வரை வாழ்ந்து பலரை இசைவாணராக்கியவர்.

1935ஆம் ஆண்டில் நடனக் கலைஞர் உதய சங்கரின் குழுவுடன் ஐரோப்பா சென்றார். அக்குழுவில் இருந்த இளைஞர் ரவிசங்கர், மேனாட்டுப் பகட்டை உதறி 1938இல் மைஹருக்கு வந்து இவர் காலடியில் அமர்ந்தார். குழலை இசையரங்கிற்கு உயர்த்திய பன்னாலால் கோஷும், சிதார் வல்லுநர் நிகில் பானர்ஜியும் இவர் மாணாக்கரே. 1955இல் அலி அக்பர் அமெரிக்காவில் சரோட் வாசித்தபோது, கீழ் வங்காளத்துச் சிற்றூரில் முளைத்த விதை கடல் கடந்து கிளைவிட்டது. அலி அக்பரும் ரவிசங்கரும் நெடிய இராக ஆலாபனைக்குப் பின், நாட்டு மெட்டைத் தழுவிய துன் என்னும் சிறு உருப்படியை வாசித்தல் உண்டு. சபையோர் முகம் மலர்ந்து கேட்கும் அவ்விடத்தில், பழைய ஓடக்காரனும் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறான் என்றே நமக்குத் தோன்றுகின்றது.

அரசினர் 1958இல் பத்மபூஷண் விருதையும், 1971இல் பத்மவிபூஷண் விருதையும் இவருக்கு அளித்தனர். 1972ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6ஆம் நாள் மைஹரில் இவர் இறைவனடி சேர்ந்தார்.

மாணவ நண்பர்களே! கற்றோர் பலர் தாம் ஏறிவந்த ஏணியின் கீழ்ப்படிகளை மறந்துவிடுகின்றனர். அலாவுதீன் கான் மறந்திலர். கூத்தாடியும் கொட்டுக்காரனும் பாண்டு ஆசிரியனும் தமக்கு ஆசிரியரே என்று கொண்டார். பிறர் தமக்கு அடைத்த கதவைத் தாம் பிறர்க்கு அடைத்திலர். தாயற்ற பிள்ளைக்கும் மன்னனுக்கும் ஒரே சுரத்தையே கற்பித்தார். நம்மூர்த் தெருக்கூத்தையும் வலைஞர் பாட்டையும் இனிக் கேட்கும்போது, ஒதுங்கிப் போகாமல் சிறிது நின்று செவிகொடுப்போமாக. அத்தெருவோரத்திற் கண்ணிமையாது நிற்கும் சிறுவருள் ஒருவனுக்கு நம்மால் இயன்ற கல்வியை அளிப்போமாயின், அதுவே இவ்விசைச் செல்வருக்கு நாம் செய்யும் வழிபாடாகும்.