ஒரே ஒரு செல்லைத் தேடியவர்: எமில் கிறிஸ்டியன் ஹான்சன்

பீர் பற்றிய கட்டுரையா என்று யாரும் பதற வேண்டாம். இது குடிக்கிறதைப் பத்தி இல்லை. லேப்ல 'ப்யூர் கல்ச்சர்' எடுக்கச் சொல்லி நம்ம பயோடெக் நண்பர்களோட உயிரை வாங்குறாங்களே, ஈஸ்ட்டில் அதை முதன்முதலில் செய்து காட்டியவரின் கதை. அவரை அந்த வேலையில் இறக்கியது ஒரு பீர் ஆலையில் கிளம்பிய வேண்டாத கசப்பும் நாற்றமும்தான்.

ஹான்சன் 1842 மே 8 அன்று டென்மார்க்கின் ரிபே என்ற பழைய ஊரில் பிறந்தார். அப்பா வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், அம்மா துணி வெளுப்பவர். வீட்டில் காசு கிடையாது. பையனுக்கு நடிகனாகணும், ஓவியனாகணும்னு ஆசை. ஓவிய அகாடமி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மளிகைக் கடையில் கொஞ்ச நாள், அப்பாவைப் போலவே பெயிண்ட் வாளியோடு கொஞ்ச நாள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கொஞ்ச நாள் என்று வாழ்க்கை ஓடியது. கதைகள் எழுதிப் படிப்புச் செலவைச் சமாளித்தார். நாம டிகிரி முடிச்சு வெளியே போற வயசுல, அவர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நுழையவில்லை.

ஆனால் நுழைந்த பிறகு விடவில்லை. சாணத்தில் வளரும் பூஞ்சைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு 1876-இல் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு, டார்வினின் பீகிள் கப்பல் பயண நூலை இன்னொருவரோடு சேர்ந்து டேனிஷ் மொழியில் பெயர்த்தார். சாணப் பூஞ்சையை வைத்து என்ன வேலை கிடைக்கும்னு கேட்கிறீங்களா? பீர் ஆலையில் கிடைத்தது!

கார்ல்ஸ்பெர்க்

ஜே.சி. யாகோப்சன் என்பவர் 1847-இல் கோபன்ஹேகனுக்கு வெளியே ஒரு பீர் ஆலையைக் கட்டி, மகன் கார்லின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். அதற்கு முன்பே, 1845-இல், ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் இருந்த ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்ட் வாங்கி வந்தார். குதிரை வண்டி நிற்கும் இடங்களில் எல்லாம் ஈஸ்ட் டப்பாவின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றி அதைக் காப்பாற்றிக் கொண்டு வந்தார் என்று சொல்வார்கள். அந்த ஈஸ்ட்தான் அவருடைய சொத்து.

1875-இல் யாகோப்சன் ஆலைக்குள்ளேயே ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அதற்கு அவர் போட்ட விதிதான் ஆச்சரியம். அங்கே முக்கியமாக எதைக் கண்டுபிடித்தாலும் ரகசியமாக வைக்கக் கூடாது, வெளியிட்டே ஆக வேண்டும். போட்டிக் கம்பெனி படிச்சாலும் பரவாயில்லை! 1879-இல், பீரில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றிய ஆய்வுக்கு டாக்டர் பட்டம் வாங்கிய ஹான்சன், அங்கே உடலியல் துறையின் தலைவரானார்.

பிரச்சினை எங்கே?

ஒரு பீர் தயாரிப்பு முடிந்ததும் தொட்டியின் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். அதை எடுத்து அடுத்த தொட்டியில் போடுவார்கள். நம்ம வீட்டில் நேற்றைய தயிரை இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. உறைமோர் கெட்டால் நாளைய தயிரும் கெடும், மறுநாள் தயிரும் கெடும். பீரிலும் அதே கதைதான்.

பீர் ஏன் கெடுகிறது என்பதற்கு அப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் லூயி பாஸ்டருடையது. 1876-இல் பீரைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதியிருந்தார். பாக்டீரியா உள்ளே புகுந்தால் பீர் கெடும், அதைத் துரத்தினால் போதும் என்பது அதன் சாரம். யாகோப்சனும் பாஸ்டரின் பெரிய ரசிகர்.

1883-இல் கார்ல்ஸ்பெர்க்கின் பீரிலேயே வேண்டாத கசப்பும் கெட்ட வாசனையும் வந்தன. சோதித்துப் பார்த்த ஹான்சனின் சந்தேகம் பாக்டீரியா மேல் போகவில்லை, ஈஸ்ட் மேலேயே போனது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் எல்லாம் ஈஸ்ட் செல்தான். ஆனால் ஒரே இனமா? பழத்தோல், மண், காற்று என்று எங்கும் காட்டு ஈஸ்ட்கள் உண்டு. பழுத்த பழங்களில் கோடையைக் கழிக்கும் ஒரு காட்டு ஈஸ்ட், குளிர்காலத்தை மரத்தடி மண்ணில் கழிக்கிறது என்பதை ஹான்சன் ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்த மாதிரி ஒன்று ஆலைக்குள் வந்து, நல்ல ஈஸ்ட்டோடு கலந்து, தொட்டிக்குத் தொட்டி பெருகினால்?

யோசிச்சுப் பாருங்க. உலகமே மதிக்கும் பாஸ்டரின் விளக்கம் போதாது என்று சொல்ல வேண்டும். அதோடு, முதலாளி கண்ணைப் போலக் காத்துவந்த ஈஸ்ட்டிலேயே கலப்படம் என்றும் சொல்ல வேண்டும். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது. ஆதாரம் வேண்டும்.

ஒன்றைப் பிரிப்பது எப்படி?

ஹான்சனின் முறை எளிமையானது. முதலில் ஈஸ்ட் கலந்த நீரில் எத்தனை செல்கள் இருக்கின்றன என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணினார். பிறகு, இரண்டு துளிக்கு ஒரு செல் என்ற அளவுக்கு அதை நீர்க்க வைத்தார். அந்தத் துளிகளைக் கிருமி நீக்கிய சத்து நீர் இருக்கும் குடுவைகளில் விட்டு, நன்றாகக் குலுக்கி, ஆடாமல் அசையாமல் வைத்துவிட்டார். சில நாட்களில் செல் படிந்த இடத்தில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும். இரண்டு மூன்று புள்ளி வந்த குடுவைகளைத் தள்ளிவிட வேண்டியது. ஒரே ஒரு புள்ளி வந்தால், அந்தக் குடுவையில் இருப்பது எல்லாம் ஒரே செல்லின் வாரிசுகள்.

இப்படிப் பிரித்ததில், ஆலையின் ஈஸ்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் இருந்தது தெரிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போட்டுப் பீர் செய்து பார்த்தார். ஒன்று மட்டுமே நல்ல பீரைத் தந்தது. அதோடு நிற்கவில்லை. அந்த நல்ல ஈஸ்ட்டில் காட்டு ஈஸ்ட்டை வேண்டுமென்றே கலந்தார். பழைய கசப்பு அப்படியே திரும்பி வந்தது. குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கியது!

யாகோப்சன் முதலில் தயங்கினார். சோதனைகளைப் பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார். 1883 நவம்பர் 12 அன்று, ஒற்றைச் செல்லிலிருந்து வளர்த்த ஈஸ்ட் முதல்முறையாக ஆலையின் தொட்டிக்குள் போனது. பிறகு ஆலையின் கூலே என்பவரோடு சேர்ந்து, தூய ஈஸ்ட்டைத் தொடர்ந்து பெரிய அளவில் வளர்க்கும் கருவியையும் ஹான்சன் வடிவமைத்தார். உள்ளே போகும் காற்றைக்கூட வடிகட்டி அனுப்பும் மூடிய கலங்கள் அவை. மெக்கானிக்கல் நண்பர்களே, உங்க ஆளுங்களும் இதுல இருக்காங்க.

இந்த ஈஸ்ட்டை ரகசியமாக வைத்திருந்தால் கார்ல்ஸ்பெர்க் எவ்வளவோ சம்பாதித்திருக்கலாம். யாகோப்சன் தன் விதியை மீறவில்லை. முறை வெளியானது, கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்ட்டும் போனது. சில ஆண்டுகளில் ஐரோப்பா, அமெரிக்கா என்று தூய ஈஸ்ட் முறை பரவியது.

இன்றும் அதே பாடம்

வீட்டில் பீர் தயாரிப்பது சட்டப்படி சரி என்று இருக்கும் நாடுகளில், தொடக்கக்காரர்களுக்கு என்றே கிட் விற்கிறார்கள். மால்ட் சாறு ஒரு டின், மூடி போட்ட வாளி, ஒரு சின்ன ஈஸ்ட் பாக்கெட். அந்தப் பாக்கெட் ஹான்சனின் வாரிசு. ஆனாலும் வாளியைச் சரியாகக் கழுவாவிட்டால் காட்டு ஈஸ்ட் புகுந்துவிடும். அதில் பல வகைகள் தானியத்தில் இருக்கும் ஃபெருலிக் அமிலத்தை மாற்றிக் கிராம்பு வாசனையைக் கொண்டுவரும். லாகர் பீருக்கான நல்ல ஈஸ்ட்டுக்கு அந்தத் திறமை கிடையாது.

எல்லாப் பழியையும் காட்டு ஈஸ்ட் மேல் போடவும் முடியாது. நல்ல ஈஸ்ட்டே வேலையைப் பாதியில் விட்டால் டைஅசிட்டைல் தங்கி வெண்ணெய் வாசனை வரும், அசிட்டால்டிஹைட் தங்கிப் பச்சை ஆப்பிள் வாசனை வரும். நொதித்து முடிந்த பீரில் காற்றுப் பட்டால் நனைந்த அட்டை வாசனை. எந்த வாசனைக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடிவதே, ஈஸ்ட்டைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்ததால்தான்.

கெட்ட வாசனை என்பதும் இடத்தைப் பொறுத்தது. 1904-இல் கார்ல்ஸ்பெர்க்கின் கிளவுசன், பிரிட்டனில் நெடுநாள் வைத்திருந்து விற்கும் பீர்களின் தனி மணத்துக்குக் காரணம் ஒரு வகை ஈஸ்ட் என்று கண்டு, அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். டேனிஷ் ஆலைக்கு வில்லன், பிரிட்டன் பீருக்கு ஹீரோ!

ஹான்சன் கடைசி வரை அந்த ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தார். 1908-இல் தன் புகழ்பெற்ற ஈஸ்ட்டுக்கு சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்கென்சிஸ் என்று பெயரிட்டார். கண்டுபிடித்தவர் பெயர் இல்லை, ஆலையின் பெயர். 1909 ஆகஸ்ட் 27 அன்று மறைந்தார். அதே ஆண்டு, அதே ஆய்வுக்கூடத்தின் வேதியியல் துறையில் சோரன்சன் பி.எச். அளவுகோலை உலகுக்குத் தந்தார். அதையும் யாரும் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை.